பத்ராசல ராமதாசரின் கணக்கு

ஹைதராபாத் நகரின் மேற்கே, சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில், கருங்கல் குன்றொன்றைச் சுற்றி எழுந்து நிற்கிறது கோல்கொண்டா கோட்டை. குதுப் ஷாஹி மன்னர்கள் ஆண்ட காலத்தில் இந்தக் கோட்டையின் பெயர் உலகெங்கும் வைரத்தோடு சேர்த்தே உச்சரிக்கப்பட்டது. கிருஷ்ணா நதிக்கரையிலிருந்த கொல்லூர் முதலிய சுரங்கங்களில் எடுக்கப்பட்ட கற்கள் இந்நாட்டின் வழியேதான் விலைக்குச் சென்றன. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசிலில் வைரம் கண்டெடுக்கப்படும் வரை உலகின் வைரச் சந்தை பெரும்பாலும் இந்தியாவையே நம்பியிருந்தது. தவேர்னியே என்ற பிரெஞ்சு இரத்தின வணிகர் 17-ஆம் நூற்றாண்டில் பலமுறை இந்தியா வந்து, கொல்லூர் சுரங்கத்தையும் நேரில் கண்டு குறிப்புகள் எழுதினார். எந்தக் கல்லுக்கு என்ன விலை என்று கோல்கொண்டாவைவிட நன்றாக அறிந்த ஊர் அந்நாளில் இல்லை எனலாம்.

அந்தக் கோட்டைக்குள் ஓர் இருட்டறை இருக்கிறது. மேற்கூரையிலுள்ள திறப்பின் வழியே சிறிது வெளிச்சம் இறங்கும். சுவரில் ராமர், சீதை, லக்ஷ்மணர், அனுமன் ஆகியோரின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே அடைபட்டிருந்த கைதி தம் கையாலேயே அவற்றைச் செதுக்கினார் என்பது மரபு. கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் இன்றும் அவ்வறையின் முன் நின்று கைகூப்பிவிட்டுத்தான் நகர்கிறார்கள். அரசர்களின் அந்தப்புரங்களும் பொக்கிஷ அறைகளும் சிதைந்து கிடக்க, ஒரு கைதியின் அறை கோயிலாகிவிட்டது. அந்தக் கைதிதான் கஞ்சர்ல கோபண்ணா. பிற்காலம் அவரைப் பத்ராசல ராமதாசர் என்று போற்றுகிறது.

இளமையும் குருவருளும்

இன்றைய தெலங்கானா மாநிலம் கம்மம் மாவட்டத்தில் உள்ள நேலகொண்டபல்லி என்ற ஊரில், 17-ஆம் நூற்றாண்டில், லிங்கண்ணா, காமாம்பா தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார் கோபண்ணா. குதுப் ஷாஹி அரசின் புகழ்பெற்ற அமைச்சர்களான அக்கண்ணா, மாதண்ணா சகோதரர்கள் இவருக்குத் தாய்மாமன்மார் என்று மரபு கூறுகிறது. ரகுநாத பட்டாசாரியர் என்பவரைத் தம் குருவாகக் கோபண்ணா தம் கீர்த்தனைகளில் குறிப்பிடுகிறார். கபீர்தாசரே வந்து அவருக்கு ராம நாமத்தை உபதேசித்ததாகவும் பக்தர்களிடையே ஒரு கதை உண்டு. கபீர் வாழ்ந்தது 15-ஆம் நூற்றாண்டு. ஆதலால் கால அளவையில் இது பொருந்தவில்லை. ஆனால் ராமனும் ரஹீமும் ஒருவனே என்று கண்ட மகானை இந்தச் சரித்திரத்தின் வாசலில் நிறுத்திய பக்த உள்ளத்தை நாம் புரிந்துகொள்ளலாம். இனி வரவிருக்கும் கதையில் ஒரு முஸ்லிம் மன்னருக்கு ராம தரிசனம் கிடைக்கப் போகிறதல்லவா?

கோபண்ணாவின் இல்லத்தில் அடியார்களுக்கு அன்னமிடுவது நித்திய வழக்கமாக இருந்தது. ஒரு நாள் சமாராதனை நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய சிறு குழந்தை கஞ்சி வடித்து வைத்திருந்த தொட்டியில் விழுந்து உயிர் நீத்தது. பெற்றோரின் பிரார்த்தனைக்கு இரங்கிய ராமன் குழந்தையை உயிர்ப்பித்துக் கொடுத்தான். இந்நிகழ்ச்சியை ஹரிகதைகளில் விரிவாகச் சொல்வார்கள். நம் விஷயம் வேறு. ஆதலால் இதைச் சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

பனம்பழமும் பதக்கமும்

1672-ஆம் ஆண்டு அபுல் ஹசன் குதுப் ஷா அரியணை ஏறினார். மக்கள் அவரைத் தானீஷா என்று அழைத்தனர். அரச குடும்பத்தோடு உறவு இருந்தும், மன்னராவதற்கு முன் பல ஆண்டுகள் ஷா ராஜு என்ற சூஃபி மகானின் ஆசிரமத்தில் எளிய சீடராக அவர் வாழ்ந்திருந்தார். அவருடைய ஆட்சியில் மாதண்ணாவின் கை ஓங்கியது. அந்தச் செல்வாக்கினால் கோபண்ணாவுக்கும் பால்வஞ்சைப் பகுதியின் தாசில்தார் பதவி கிடைத்தது. வரி வசூலித்துக் கோல்கொண்டா கஜானாவுக்கு அனுப்புவதே அப்பதவியின் தலையாய கடமை.

அவருடைய அதிகார எல்லைக்குள் கோதாவரி நதியின் கரையில் இருந்தது பத்ராசலம். அங்கே அப்போது கோயில் என்று சொல்லத்தக்க கட்டிடம் இல்லை. போகல தம்மக்கா என்ற பெண்மணி, கனவில் வந்த கட்டளைப்படி காட்டில் ஒரு புற்றுக்குள் இருந்த ராம விக்கிரகத்தைக் கண்டெடுத்து, கோதாவரி நீரால் புற்று மண்ணைக் கரைத்து, மேலே ஒரு கீற்றுப் பந்தல் போட்டு, தனக்குக் கிடைத்த பனம்பழங்களை நிவேதனம் செய்து வழிபட்டு வந்தார். வேறு எதுவும் கொடுக்க அவரிடம் இல்லை.

பந்தலின் கீழ் வெயிலிலும் மழையிலும் நின்றிருந்த மூர்த்தியைக் கண்ட தாசில்தாரின் உள்ளம் உருகியது. கோயில் எழுப்பத் தீர்மானித்தார். மக்களிடம் நன்கொடை திரட்டினார். அது போதவில்லை. அறுவடை முடிந்ததும் திருப்பித் தந்துவிடுகிறோம், இப்போதைக்கு வசூலான வரிப்பணத்தையே எடுத்துத் திருப்பணியை முடியுங்கள் என்று மக்களே கேட்டுக்கொண்டதாக ஒரு வழக்கு உண்டு. எப்படியாயினும், கஜானாவுக்குச் சேரவேண்டிய பணம் பத்ராசலத்தில் மதிலாகவும் மண்டபமாகவும் கோபுரமாகவும் உயர்ந்தது. அந்தத் தொகை ஆறு லட்சம் மோகரா என்பது மரபு.

விமானத்தின் உச்சியில் வைக்கும் சுதர்சனச் சக்கரத்தை மட்டும் கைவினைஞர்களால் செய்து முடிக்க இயலவில்லையாம். கனவில் வந்த கட்டளைப்படி கோதாவரியில் நீராடியபோது அந்தச் சக்கரம் கோபண்ணாவின் கைக்கு நதியிலிருந்தே கிடைத்தது என்பார்கள். கோயிலில் விலை கொடுத்து வாங்காத பொருள் அது ஒன்றுதான் போலும்.

கட்டிடத்தோடு அவர் நிற்கவில்லை. தெய்வ மூர்த்திகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஆபரணம் செய்வித்தார். பரதனுக்கு மரகதப் பதக்கம். சத்ருக்னனுக்குப் பொன் அரைஞாண். லக்ஷ்மணனுக்கு முத்துப் பதக்கம். சீதா தேவிக்குப் புளிய இலைப் பதக்கம். ராமனுக்குத் தலையில் சூடும் தலையணி. ஒரு தந்தை தன் பிள்ளைகளுக்கும் மருமகளுக்கும் நகை செய்யும்போது யாருக்கு எது பொருந்தும் என்று யோசித்து யோசித்துச் செய்வார். இந்தப் பட்டியலிலும் அந்த யோசனை தெரிகிறது. இறைவனின் கோயிலுக்கு நகை செய்தார் என்பதைவிட, தம் வீட்டு மனிதர்கள் ஐவருக்கு நகை செய்தார் என்பதே பொருத்தம்.

கஜானாவின் பக்கம்

நம் பிரசங்கங்களில் இந்த இடத்தில் தானீஷாவைக் கொடியவராகச் சித்திரிப்பது வழக்கம். சற்று நின்று யோசிப்பது நல்லது. குதுப் ஷாஹி அரசு 1636-ஆம் ஆண்டிலேயே முகலாயப் பேரரசுக்குப் பணிந்து கப்பம் கட்ட ஒப்புக்கொண்டிருந்தது. ஔரங்கசீப்பின் பார்வை தெற்கே திரும்பியிருந்த காலம் அது. படைகளுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும், கோட்டையைப் பாதுகாக்கவேண்டும். வரிப்பணம் குடியானவன் வயலில் உழுது கொடுத்தது. அதை மன்னரின் அனுமதி பெறாமல் ஓர் அதிகாரி வேறு காரியத்துக்குச் செலவிட்டால், அந்தக் காரியம் எவ்வளவு புனிதமானதாயினும், கணக்குக் கேட்பது ஆட்சியாளரின் கடமை. கோபண்ணா ஒரு காசையும் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை என்பது உண்மை. பணம் அவருடையதன்று என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தச் சரித்திரத்தைப் படிக்கவேண்டும். ஒன்றை மறைத்துவிட்டால் அவர் சிறையில் பட்ட வேதனையின் ஆழம் நமக்கு விளங்காமல் போய்விடும்.

ஒரே ஆபரணம் மூவருக்கு மூன்று விதமாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். தாசில்தாருக்கு அது சீதம்மாவின் கழுத்துக்கு ஏற்ற அணி. கஜானா அதிகாரிக்கு அது நிலுவைத் தொகை. பொற்கொல்லருக்கு அது இத்தனை எடைத் தங்கம், இத்தனை கல், இவ்வளவு கூலி. பதக்கம் என்னவோ ஒன்றுதான்.

14-ஆம் நூற்றாண்டில் சிருங்கேரி பீடத்தை அலங்கரித்த வித்யாரண்ய சுவாமிகளின் ‘பஞ்சதசீ’ என்ற வேதாந்த நூலில் த்வைத விவேகம் என்றொரு பிரகரணம் இருக்கிறது. ஈசுவரன் படைத்த உலகம் ஒன்று, ஜீவன் தன் மனத்தால் அதன் மேல் படைத்துக்கொள்ளும் உலகம் மற்றொன்று என்று அங்கே பிரித்துக் காட்டுகிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் ஓர் இரத்தினமே. அது கிடைத்தவன் மகிழ்கிறான். கிடைக்காதவன் சினம் கொள்கிறான். பற்றற்றவன் பார்க்கிறான், அவ்வளவுதான். கல் ஈசுவர சிருஷ்டி. அது இனியது, இன்னாதது, இரண்டுமில்லாதது என்ற மூன்றும் ஜீவ சிருஷ்டி. நம்மைப் பிணிப்பது இரண்டாவதே என்கிறார் அவர்.

ஹைதராபாத்தில் இதற்கு ஒரு பிற்கால விளக்கவுரையே உண்டு. 1891-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் மால்கம் ஜேக்கப் என்ற வணிகர் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானுக்கு விற்க முயன்ற ஒரு பெரிய வைரம், வழக்கு மன்றம் வரை சென்று பெரும் பகையை விளைத்தது. வெறுப்படைந்த நிஜாம் அதைத் தம் காலணிக்குள் போட்டு வைத்துவிட்டாராம். 1911-இல் அவர் மறைந்த பிறகு மகன் உஸ்மான் அலி கான் அதை அந்தக் காலணியின் நுனியில் கண்டெடுத்து, நெடுங்காலம் காகிதங்கள் பறக்காமல் இருக்க மேலே வைக்கும் கல்லாகப் பயன்படுத்தினார் என்பார்கள். ஏறக்குறைய 185 காரட் எடையுள்ள அந்த வைரத்தை, நிஜாமின் மற்ற நகைகளோடு சேர்த்து 1995-இல் இந்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வணிகருக்குப் பெரும் இலாபக் கனவு, தந்தைக்குக் கசப்பு, மகனுக்குக் காகிதம் அழுத்தும் கல், அரசுக்கு நாட்டின் சொத்து. வைரம் ஒரு முறையும் தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை.

தமிழில் ‘பொருள்’ என்ற ஒரே சொல் கையால் தொடும் பண்டத்தையும் குறிக்கிறது, செல்வத்தையும் குறிக்கிறது, சொல்லின் அர்த்தத்தையும் குறிக்கிறது. பண்டம் ஈசுவரனுடையது. செல்வம், அர்த்தம் என்ற மற்ற இரண்டும் நாம் ஏற்றுபவை. மொழி இவை மூன்றையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டதால்தானோ என்னவோ, நாமும் வாழ்க்கையில் அவற்றைப் பிரித்துப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

இருட்டறையில் ஒரு கணக்கு

பாக்கித் தொகையைச் செலுத்தும் வரை சிறை என்று தீர்ப்பாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் அவர் கோல்கொண்டாவில் அடைபட்டிருந்தார் என்று மரபு சொல்கிறது. முற்பிறவியில் ஒரு கிளியைப் பிடித்துப் பன்னிரண்டு நாட்கள் கூண்டில் அடைத்து வைத்ததன் பலன் அது என்றும் ஒரு கதை வழங்குகிறது. காவலர்கள் அடித்தார்கள். வெளியே பத்ராசலத்தில் ராமன் அவர் செய்து கொடுத்த தலையணியோடு உற்சவம் கண்டுகொண்டிருந்தான்.

இந்த ஆண்டுகளில்தான் அவருடைய கீர்த்தனைகளில் பெரும்பாலானவை பிறந்தன என்று கொள்கிறார்கள். சிலவற்றில் சீதா தேவியிடம் சென்று, தனிமையில் இருக்கும்போது தமக்காக ராமனிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி மன்றாடுகிறார். சிலவற்றில் மௌனமாகவே இருக்கும் இறைவனிடம், பேச்சும் பொன்னைப் போல் அரிதாகிவிட்டதா என்று ஏங்குகிறார். இக்ஷ்வாகு குலத்தின் திலகமே என்று ராமனை விளித்துத் தொடங்கும் ஒரு கீர்த்தனை மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. அது ஒரு கணக்குப் புத்தகம்.

இன்று பாடப்படும் பாடத்தின்படி, சுற்று மதில் கட்டியதற்குப் பத்தாயிரம் வராகன் ஆயிற்று என்று அதில் அவர் தொடங்குகிறார். பரதனின் பதக்கத்துக்குப் பத்தாயிரம். சத்ருக்னனின் அரைஞாணுக்குப் பத்தாயிரம் மோகரா. லக்ஷ்மணனின் முத்துப் பதக்கத்துக்குப் பத்தாயிரம். சீதையின் புளிய இலைப் பதக்கத்துக்கும் பத்தாயிரம். வரிசையாக எண்ணி வைக்கிறார். செய்யும்போது விலையை நினைக்காதவருக்கு இப்போது ஒவ்வொன்றின் விலையும் நினைவுக்கு வருகிறது.

இங்கே நாம் சற்றுத் தங்கவேண்டும். கொடுத்த பொருளின் விலையைக் கொடுத்தவர் சொல்லிக்காட்டினால் அது கொடையாக நிற்குமா? கீதை தானத்தை மூன்றாகப் பிரித்து, கைம்மாறு கருதிக் கொடுப்பதை ராஜஸம் என்று ஒதுக்குகிறது. அந்த அளவுகோலை வைத்தால், கோல்கொண்டாச் சிறையில் ஒரு மகாபக்தரின் கொடை நம் கண்ணெதிரே தரம் இறங்குகிறது. இதை மழுப்ப வேண்டியதில்லை. தாம் கட்டிய கோயில் அந்தச் சில அடிகளில் அவருக்கே கடன் பத்திரமாகத் தெரிகிறது. அடி தாங்காத உடம்பு அப்படிப் பார்க்கச் செய்கிறது. அவரும் மனிதர்தாம்.

ஆனால் அந்தக் கணக்கை ஒரு கணக்கர் பார்த்தால் ஏற்கமாட்டார். கருங்கல் மதிலும் முத்துப் பதக்கமும் பொன் அரைஞாணும் எப்படி ஒரே விலையாகும்? ஓராண்டன்று, பல ஆண்டுகள் வரிக் கணக்கு எழுதிய தாசில்தாருக்கு இது தெரியாதா? பாடலில் வரும் தொகைகள் அனைத்தையும், வராகன் என்றும் மோகரா என்றும் வேறுபாடு பாராமல் கூட்டினாலும் ஐம்பதாயிரத்தைத் தாண்டவில்லை. மன்னர் கேட்டதோ ஆறு லட்சம். இந்தப் பட்டியலைக் கொண்டு போய் எந்தக் கச்சேரியில் வைத்தாலும் தள்ளிவிடுவார்கள். ‘பத்தாயிரம்’ என்பது அவருக்கு எண்ணாகவே இல்லை. இனித் தம்மால் தாங்க முடியாது என்பதைச் சொல்ல அவரிடம் மிஞ்சியிருந்த சொல் அது. எண்களோடு வாழ்ந்தவர் எண்களால் அழுகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. கடைசியாக ராமனின் தலையணிக்கு வருகிறார். அதற்கு மட்டும் விலை சொல்லவில்லை! பரதனுக்குச் சொன்னவர், சீதம்மாவுக்கும் சொன்னவர், ராமனுக்குச் செய்ததற்கு விலை சொல்ல வாய் எழாமல், அதைச் சூடிக்கொண்டு ஒய்யாரமாகத் திரிகிறாயே, இது யார் வீட்டுப் பொருள் என்று பாய்கிறார். உன் தந்தை தசரதர் கொடுத்ததா, மாமனார் ஜனகர் அனுப்பியதா என்று கேட்கிறார். வீட்டுக்குள் ஒருவரோடொருவர் சண்டையிடும்போது எழும் பேச்சு இது. கடன் கொடுத்தவன் கடன் வாங்கியவனிடம் இப்படிப் பேசுவதில்லை. நகையைத் திருப்பிக் கொடு என்றும் அவர் எந்த அடியிலும் கேட்கவில்லை.

அடுத்த கணமே மனம் திரும்புகிறது. ஏசிவிட்டேன் என்று வருந்தாதே, அடி பொறுக்க முடியாமல் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று ராமனையே சமாதானப்படுத்துகிறார். சிறையில் இருப்பவர் கோயிலில் இருப்பவரைத் தேற்றுகிறார். கணக்குப் புத்தகம் அங்கே மூடப்படுகிறது.

இரவில் வந்த நாணயங்கள்

பிறகு நடந்ததைப் பக்தர்கள் அனைவரும் அறிவார்கள். ஓரிரவு இரண்டு இளைஞர்கள் தானீஷாவின் படுக்கை அறைக்குள் தோன்றினர். ராமோஜி, லக்ஷ்மோஜி என்று தங்கள் பெயர்களைச் சொல்லிக்கொண்டு, கோபண்ணாவின் பாக்கி ஆறு லட்சத்தையும் அங்கேயே கொட்டி, மன்னரின் கையால் ரசீது எழுதி வாங்கிக்கொண்டு சென்றனர். அந்த ரசீது சிறையில் உறங்கிக்கொண்டிருந்தவரின் தலைமாட்டில் வைக்கப்பட்டது. நாணயங்களின் ஒரு பக்கத்தில் ராம பட்டாபிஷேகக் காட்சியும் மறுபக்கத்தில் அனுமனின் உருவமும் இருந்தன. ‘ராம மாட’ என்று அவற்றைத் தெலுங்கு மக்கள் அழைக்கிறார்கள்.

பொழுது விடிந்ததும் ரசீதைக் கண்ட ராமதாசர் மகிழ்ச்சி அடையவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக எதற்காக அடி வாங்கினாரோ அந்தக் கடன் தீர்ந்துவிட்டது. விடுதலைக்கான தாள் கையில் இருக்கிறது. அவரோ, வந்தவன் மன்னரிடம் சென்றுவிட்டான், என் முன் வரவில்லையே என்று அழுதார். அந்தத் தாளுக்கு அவர் உள்ளத்தில் எந்த மதிப்பும் இல்லை.

தானீஷாவின் நிலை இதைவிட வியப்புக்குரியது. முந்தின நாள் மாலை வரை ஆறு லட்சம் என்பது அவருக்கு நியாயமாக வரவேண்டிய பாக்கி. விடிந்தபின் அதே தொகை முன்னே குவிந்து கிடக்கிறது. கஜானாவில் சேர்க்க அவருக்குக் கை வரவில்லை. முழுவதையும் ராமதாசருக்கே அளிக்க முன்வந்தார். ராமதாசர் மறுத்துவிட்டு இரண்டு நாணயங்களை மட்டும் ஏற்றுக்கொண்டார் என்கிறது மரபு. அந்த இரு நாணயங்களே பத்ராசலம் கோயிலில் பாதுகாக்கப்பட்டு வருவதாகப் பக்தர்கள் போற்றுகிறார்கள்.

இத்தகைய நாணயங்கள் தமிழ்நாட்டு இல்லங்களிலும் உண்டு. பாட்டியின் பூஜைப் பெட்டியில் மஞ்சள் துணியில் முடிந்து கிடக்கும் பட்டாபிஷேகக் காசைக் கண்டிராதவர்கள் குறைவு. நாணய ஆய்வாளர்கள் இவற்றை ராமடங்கா என்று வகைப்படுத்துகிறார்கள். இவற்றுள் பெரும்பாலானவை பிற்காலத்தில் வழிபாட்டுக்காக அச்சிடப்பட்டவை; செலாவணிப் பணமாக வழங்கியவை அல்ல என்பது அவர்கள் கருத்து. கடையில் கொடுத்து ஒரு படி அரிசிகூட வாங்க முடியாத காசு. அதற்காகப் பாட்டி அதைக் குறைத்து மதித்ததில்லை. மருமகள் புகுந்த வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, எந்தப் பவுன் நகைக்கும் முன்னால் அதைத்தான் எடுத்துக் கையில் கொடுத்தாள்.

விடுதலைக்குப் பின்

ராமதாசர் பத்ராசலம் திரும்பி ராம சேவையில் எஞ்சிய நாட்களைக் கழித்தார். கோல்கொண்டாவின் நாட்களோ எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. 1686-ஆம் ஆண்டு அக்கண்ணாவும் மாதண்ணாவும் கொலையுண்டனர். மறு ஆண்டு ஔரங்கசீப்பின் படை கோட்டையைச் சூழ்ந்தது. எட்டு மாதங்கள் முற்றுகை நீடித்தது. பீரங்கிகளால் திறக்க முடியாத கோட்டையை விலைபோன ஓர் அதிகாரி இரவில் உள்ளிருந்து திறந்துவிட்டார். தானீஷா கைதியாகித் தௌலதாபாத் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே சீனி மஹால் என்ற மாளிகையில், ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்து மறைந்தார். கோல்கொண்டாவின் வைரங்களும் பொன்னும் முகலாயக் கஜானாவுக்குப் போயின. ராமதாசரின் பன்னிரண்டையும் தானீஷாவின் பன்னிரண்டையும் சேர்த்துப் பார்த்துக் கர்மக் கணக்குப் போடுபவர்கள் உண்டு. ராமதாசரே அதைக் கேட்டிருந்தால் ஒப்பியிருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. தமக்குக் கிடைக்காத தரிசனம் பெற்றவர் என்றல்லவா அவர் தானீஷாவை நினைத்தார்?

அவருடைய பாடல்கள் கோதாவரியிலிருந்து காவிரிக்கு நடந்து வந்தன. திருவையாற்றில் வாழ்ந்த ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் (1767–1847) ராமதாசரைத் தம் முன்னோடியாகப் போற்றினார். தேவகாந்தாரி ராகத்தில் அமைந்த ‘க்ஷீரசாகர சயன’ கீர்த்தனையில், இறைவன் ராமதாசரின் தளையை நீக்கியதைத் தாம் கேள்விப்பட்டிருப்பதாகக் குறிப்பிடுகிறார். தமிழ்நாட்டுப் பஜனை சம்பிரதாயத்தில் ராமதாசர் கீர்த்தனைகளுக்குத் தனி இடம் உண்டு. நம் காலத்தில் டாக்டர் எம். பாலமுரளிகிருஷ்ணா (1930–2016) அவற்றைப் பாடி இல்லந்தோறும் கொண்டு சேர்த்தார். கணக்குப் புத்தகமான அந்தக் கீர்த்தனையையும் மக்கள் பஜனை மடங்களில் தாளமிட்டுக்கொண்டு பாடுகிறார்கள். புளிய இலைப் பதக்கத்தின் விலை, பதக்கத்தைப் பார்த்தே இராதவர்களுக்கும் மனப்பாடம்.

தானீஷா தொடங்கி வைத்ததாகச் சொல்லப்படும் ஒரு வழக்கமும் அறுபடவில்லை. ஸ்ரீ ராம நவமியன்று பத்ராசலத்தில் நடைபெறும் சீதா கல்யாணத்துக்கு அரசின் சார்பில் பட்டு வஸ்திரமும் முத்தும் அனுப்பும் வழக்கம் அது. குதுப் ஷாஹி அரசு போயிற்று. நிஜாம் அரசு வந்து போயிற்று. 2014-இல் தெலங்கானா தனி மாநிலமான பிறகும் முத்து வருகிறது. அரசின் பிரதிநிதி அதைத் தலையில் சுமந்து கோயிலுக்குள் செல்கிறார்.

அதே கல்யாணத்துக்கு வேறொரு பொருளும் வருகிறது. கோதாவரிக் கரையோரத்துக் கிராமங்களில் அன்பர்கள் நெல்லை உரலில் இடாமல், உலக்கை படாமல், ஒவ்வொரு மணியாக நகத்தால் உமி நீக்கி அரிசியாக்குகிறார்கள். ராம நாமத்தைச் சொல்லிக்கொண்டே செய்வார்கள். ஓர் ஆழாக்கு அரிசிக்கு எத்தனை மணிகள், எத்தனை மணி நேரம் என்று சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் கலந்த அந்த அரிசியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு பத்ராசலத்துக்கு வருகிறார்கள். திருமாங்கல்ய தாரணம் முடிந்ததும் அட்சதை தூவும் நேரத்தில் அரசாங்கத்தின் முத்தும் நகத்தால் உரித்த அரிசியும் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. அர்ச்சகர் இரண்டு கைகளாலும் அள்ளி, ராமன் தலையிலும் சீதை தலையிலும் சேர்த்துப் பொழிகிறார்.